சங்கிலி இல்லாத யானை

அந்தக் காட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்னும் நாலு குடும்பம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும். இப்போது போகிறவர்களே அந்தக் காட்டுக்கு அதிகம். மேற்கே மலைப் பக்கம் இருக்கிறது. நுழையும் இடத்தில் தேசியப் பூங்கா என்று ஒரு பலகையும், புலிப் படம் போட்ட இன்னொரு பலகையும் இருக்கின்றன. நடுவே ஒரு தார்ச்சாலை போகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் கணக்கு டீச்சர். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தப்பு விடையைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை சிவப்பு மைப் பேனாவைத் தேடும். என் கணவர் மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலை ஆபீசில் இருந்தவர். கோபமே வராத மனிதர். அவருக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுக்கொள்வதாக எங்கள் மகள் சொல்வாள். ஒரே மகள், கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம்.

அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்று கண்டுபிடித்தபோதே பாதிக் காரியம் கெட்டுப்போயிருந்தது. இந்த நோய் வலிக்காது, கண் சிவக்காது, தண்ணீர் வராது. பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே உள்ளே வரும். முதலில் பக்கவாட்டில் நிற்பவர் தெரியமாட்டார். எதிரே இருப்பது மட்டும் தெரியும். பிறகு எதிரே இருப்பதும் சுருங்கும்.

"போன பார்வை போனதுதாம்மா. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து. அது எத்தனை நாளைக்கித் தாங்கும்னு நான் வாக்கு குடுக்க முடியாது" என்றார் டாக்டர். நேர்மையான மனிதர். அந்த நேர்மைக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றோம். வெயில். பூக்காரிகளும் பலாச்சுளைத் தள்ளுவண்டியும் ஹாரன் சத்தமுமாக இருந்த அந்த இடத்தில், இவர் மெதுவாக, "எனக்கு ஒரு யானை பாக்கணும்" என்றார்.

"தினம் காலையில பாக்குறீங்களே" என்றேன். கோயில் யானை தெரு வழியாகத்தான் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தோடு திரும்பும். மணிச் சத்தம் கேட்டதும் காபி டம்ளரோடு இவர் பால்கனிக்குப் போய்விடுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்கும் காட்சி அது.

"அது இல்ல. சங்கிலி இல்லாத யானை. நெத்தியில நாமம் இல்லாம, பாகன் இல்லாம, அதும்பாட்டுக்கு நிக்கிற யானை. ஒரு தடவ பாத்துட்டா போதும்."

மற்றவர்கள் காசி என்பார்கள், பத்ரி என்பார்கள். இவர் காட்டு யானை என்றார். எனக்கு ஆச்சரியமில்லை. ஆலையில் இருந்த நாளில் முதலாளி எல்லோரையும் ஒரு பஸ்ஸில் அந்தக் காட்டு வழியாகச் சுற்றுலா கூட்டிப்போனார். இவர் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் மூங்கில் ஓரத்தில் யானை நின்றதாம். எல்லோரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். இவர், "தள்ளுங்க, தள்ளுங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்து நின்று, எட்டிப் பார்த்தபோது மூங்கில் மட்டும் ஆடிக்கொண்டிருந்ததாம். இந்தக் கதையை அவர் சொல்லி நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் சிரிப்பு வரவில்லை.

"போயிட்டு வந்துடலாம். அதுக்கென்ன?" என்றேன். அதுக்கென்ன என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

காடு பார்ப்பது என்றால் பஸ் ஏறிப் போய் இறங்கிப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். மகள் போனில் சிரித்தாள். "அம்மா, கல்யாண மண்டபம் பிடிக்கிற மாதிரி இது. மூணு மாசம் முன்னாடியே பிடிக்கணும்" என்றாள். காட்டுக்கு உள்ளேயே வனத்துறை விடுதி இருக்கிறது, சில அறைகள்தாம். அங்கே தங்குகிறவர்களுக்கு விடிகாலையில் சின்ன ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கூட்டம் இருக்காது, கட்டணமும் எங்களால் தாங்கக்கூடியது. அதனால்தான் எல்லோரும் அதற்கே அடித்துக்கொள்கிறார்கள். அது கிடைக்காதவர்களுக்கு வெளியே தனியார் விடுதிகள். அவற்றின் கட்டணத்தை நான் தினமும் செல்போனில் பார்த்தேன். காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. வெள்ளிக்கிழமை ஏறும், திங்கட்கிழமை கொஞ்சம் இறங்கும். ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்கக் கேட்ட தொகையில் என் பென்ஷனில் பாதி போய்விடும். அதற்கு மேல் ரயில், அங்கிருந்து கார், மலைக்குப் போகும் காருக்கு இ-பாஸ், கேமராவுக்குத் தனிக் கட்டணம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டிராவல்ஸ் கடையிலும் கேட்டேன். "பேக்கேஜ் இருக்கும்மா. மூணு நாள், நாலு வேளைச் சாப்பாடு, வேன்ல காட்டைச் சுத்திக் காட்டுறது கேரண்டி" என்றார் கடைக்காரர்.

"யானை?"

"அது யானை கையில இருக்கும்மா."

கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் அவர் ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்.

வனத்துறை விடுதிக்கே முயற்சி செய்வது என்று முடிவெடுத்தோம். மழை முடிந்து காடு பச்சையாக இருக்கும் மாதம். அவருக்கு நடுப்பார்வை அப்போது நன்றாகவே இருந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் உட்காரும் மீன்கொத்தியைக் கூடச் சொல்வார். அந்த மாதத்து அறைகளுக்கு முன்பதிவு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறக்கும் என்று போட்டிருந்தார்கள்.

மகள் எனக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாள். ஆதார் எண்களை முன்பே அடித்து வைத்திருந்தேன். கார்டு, கண்ணாடி, ஓடிபி வரும் போன் எல்லாம் மேஜைமேல். பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேனே தவிர, நானே பரீட்சை எழுதுகிறவள்போல இப்படி உட்கார்ந்ததில்லை. பத்து அடித்ததும் பக்கம் திறந்தது. கட்டம் கட்டமாகப் பச்சை. நாங்கள் கேட்ட தேதியில் முழுக்கப் பச்சை.

"இரு, ஒரு நிமிஷம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விரலைக் கொண்டுபோனேன்.

"அமுக்காதே" என்றார் இவர் பின்னாலிருந்து. "பத்தரை ஆகட்டும்."

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். இது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். தினசரி காலண்டரைக் கிழிப்பவர் அவர். கேஸ் சிலிண்டர் புக் பண்ணக்கூடக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுப்பார். ஆலையில் நெல் லோடு வந்து நின்றால்கூட நேரம் பார்த்துத்தான் ரசீது போடுவார் என்று சொல்லி, கூட வேலை பார்த்தவர்கள் கேலி பண்ணுவார்கள்.

"என்னங்க, இது தட்கல் மாதிரி. பத்தரைக்கி ஒண்ணும் இருக்காது."

"அரை மணி நேரந்தானே?"

"அரை மணி நேரத்துல மெட்ராஸ்காரன் பெங்களூர்க்காரன் எல்லாம் தூக்கிட்டுப் போயிடுவான்."

"நல்ல காரியமா போறோம். என் கண்ணு விஷயம் இது. ராகு காலத்துல ஆரம்பிக்க வேணாம்."

என் கண்ணு விஷயம் என்றாரே, அதில்தான் என் கை நின்றுவிட்டது. காலண்டரோடு நான் சண்டை போடுவேன். அந்தக் கண்களோடு எப்படிப் போடுவது? விரலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்று போகும்போதும் வாய்விட்டுச் சொன்னேன், அவர் காதில் விழட்டும் என்று. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரம் எங்கே இருக்கிறது என்று தலையை ஆட்டித் தேடித்தான் பார்த்தார். பத்தரை ஆனதும், "இப்ப அமுக்கு" என்றார். அமுக்கினேன். எங்கள் தேதியில் ஒன்றும் இல்லை. அந்த வாரத்தில் இல்லை. அந்த மாதத்திலேயே இல்லை.

"விடு. கிடைக்கணும்னு இருந்தா கிடைக்கும்" என்றார்.

நான் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மனசுக்குள் ஒன்று மட்டும் வைத்துக்கொண்டேன்: என்றைக்காவது ஒருநாள் இந்த மனிதர் தன் வாயாலேயே, அன்றைக்கு நான் தடுத்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் நான் கண்ணை மூடமாட்டேன். அவ்வளவு ஆங்காரம் எனக்கு.

அதற்குப் பிறகு எதுவும் கூடிவரவில்லை. அடுத்த மாதத்து முன்பதிவு திறந்த அன்று பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, திறந்தபோது மிச்சமில்லை. அதற்கடுத்த தடவை பணம் கட்டும் இடத்தில் போய் நின்றுவிட்டது. நேரம் ராகு காலத்தில் விழவில்லை, எமகண்டத்திலும் இல்லை. நல்ல நேரத்தில்தான் கிடைக்கவில்லை. இதையும் அவரிடம் சொல்லிக் காட்டினேன்.

மார்கழி வந்தது. ஏகாதசிக்கு ஊர் நிரம்பி வழிந்தது. எங்கள் தெருவில் நடக்க முடியவில்லை. எல்லா லாட்ஜிலும் அறை வாடகை மூன்று மடங்கு. ராத்திரி ஊரே தூங்காமல் கிடந்தது. காலையில் கீழே இறங்கினால் எங்கள் வாசல் படியில் ஒரு குடும்பம் மூட்டையோடு உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்மணி, தெலுங்கு கலந்த தமிழில், "ரூம் கிடைக்குமாம்மா? குளிக்க மட்டும் ஒரு எடம் இருந்தா போதும்" என்றாள். அவர்களோடு ஒரு வயசான அம்மாள், வீல்சேரில். இந்தத் தடவை எப்படியாவது பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று கூட்டி வந்திருக்கிறார்களாம். நேற்று சாயங்காலத்திலிருந்து வரிசையில் நின்றும் உள்ளே போக முடியவில்லையாம்.

எரிச்சலாகத்தான் பார்த்தேன். இத்தனை பேர் ஏன் ஒரே நாளில் வந்து விழ வேண்டும்? ஊர் தாங்குமா? நினைத்துக்கொண்டே இருக்கும்போது சுருக்கென்றது. அந்த மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் எங்களைப் பற்றி இப்படித்தானே நினைப்பார்கள்? நாங்களும் ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு, ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று முட்டி மோதுகிறவர்கள்தாம். அவர்களை மாடிக்குக் கூப்பிட்டு எங்கள் குளியலறையைக் காட்டினேன். புண்ணியத்துக்காக இல்லை. மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மாளை மாடிக்குத் தூக்கி வர முடியாததால் அவர் மட்டும் கீழேயே இருந்தார்.

தை பிறந்ததும் சமயபுரம் போனேன். கண் நோய்க்கு மாரியம்மனுக்குக் கண்மலர் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். மெல்லிய வெள்ளித் தகட்டில் இரண்டு கண்கள். கடைத்தெருவில் விலை கேட்டால் தலை சுற்றியது. வெள்ளி ஏறிவிட்டதாம். "சாதாரணத் தகடுல இருக்கு, அது தரட்டுமா?" என்றாள் கடைக்காரி. வெள்ளியிலேயே வாங்கினேன். உள்ளே போய் உண்டியலில் போட்டபோது, சின்னதாக ஒரு சத்தம் வந்தது. நம்பிக்கையோடு போட்டேன் என்று சொல்லமாட்டேன். போடாமல் இருக்கப் பயமாக இருந்தது.

மாசியில் காட்டை மூடிவிட்டார்கள். வறட்சி, காட்டுத்தீ பயம். சரியான காரணம்தான், யாரைத் திட்டுவது? அதற்குள் வீட்டில் காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். அம்மா மண்டபம் ரோட்டில் பக்கத்தில் வந்த ஸ்கூட்டர் தெரியாமல் இடித்துக்கொண்டு முழங்கை கிழிந்து வந்தார். மீன்கொத்தி பற்றிப் பேச்சே இல்லை. ஒருநாள் காலை கோயில் யானை மணிச் சத்தத்தோடு போனது. இவர் பால்கனியில் நின்றார். யானை எங்கள் வீட்டைத் தாண்டிய பிறகும் அது வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம் என்றார்.

அதனால்தான் கோடை விடுமுறையில் போனோம். ஊர் உலகமே மலைக்குப் போகும் மாதத்தில். காட்டைத் திறந்த செய்தி வந்ததும் மகள் ராத்திரி பகலாகத் தேடி, யாரோ ரத்து செய்த ஓர் அறையைப் பிடித்தாள். வெளியே இருக்கும் தனியார் விடுதி. என்ன விலை என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் போகமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "அப்பாவை ஜன்னல் பக்கம் உக்கார வைம்மா. சண்டை போட்டாவது உக்கார வை" என்றாள். சண்டை போட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா!

ரயிலில் கோயம்புத்தூர் போய் அங்கிருந்து கார். சொட்டு மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். சோதனைச் சாவடிக்கு முன்னால் கார்கள் ஊர்வலமாக நின்றன. காட்டுச் சாலையிலும் அதே வரிசை. ஒவ்வொரு காரிலும் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு மானைப் பார்த்துவிட்டு முன்னால் போனவன் பிரேக் போட, பின்னால் இருந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். சாலையோரம் சிப்ஸ் பாக்கெட்டைக் குரங்கு நக்கிக்கொண்டிருந்தது. காரோட்டி, "இந்தச் சத்தத்துல யானை எங்கம்மா வரும்? புத்தி உள்ள யானை உள்ள போயிருக்கும்" என்றார். இவர் முன் சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி புன்னகையோடு இருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காட்டுக்குள் வெள்ளை உடுத்த வேண்டாம் என்று வனத்துறை இணையத்தில் போட்டிருந்ததை நான் சொல்லவில்லை. இஸ்திரி போட்டு வாங்கி வைத்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம்தான் வேனுக்கு டிக்கெட் கிடைத்தது. பள்ளிக்கூட வேன் மாதிரி ஒன்று. நெருக்கியடித்துக் குழந்தை குட்டியோடு ஏறினார்கள். நான் முழங்கையால் இடம் பிடித்து இவரை ஜன்னலோரத்தில் உட்கார வைத்தேன். வலது பக்கம். ஆலை பஸ்ஸில் யானை நின்ற பக்கம்.

வேன் ஆடிக்கொண்டே போனது. மான், மயில், ஒரு காட்டெருமை முதுகு. ஒவ்வொன்றுக்கும், "தெரியுதா?" என்பேன். "ம், தெரியுது" என்பார். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மங்கலில் அவருக்கு ஒன்றும் பிடிபடாது என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் வந்து தொலையேன் என்று யானையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வந்தது. இடது பக்கம் வந்தது.

"யானை! யானை!" என்று வேன் முழுக்க எழுந்து நின்றது. எல்லா முதுகுகளும் எங்களுக்கும் அந்தப் பக்க ஜன்னலுக்கும் நடுவே. எல்லாக் கைகளிலும் போன். நான் கத்தினேன். "கொஞ்சம் தள்ளுங்க! அவருக்குக் கண்ணு தெரியாது! ஒரு நிமிஷம் விடுங்க!" வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எதிரில் அந்த வார்த்தையைச் சொன்னேன். சேலத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் திரும்பிப் பார்த்து, தன் குழந்தையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் விலகினாள். அந்த இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. பெண் யானை. தந்தம் கிடையாது. முதுகெல்லாம் செம்மண் போட்டுக்கொண்டு புதரோரம் நின்றது. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஒரு குட்டி, தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் தோளைப் பிடித்து இடுக்குப் பக்கம் தள்ளினேன்.

"தெரியுதாங்க?"

"தெரியுது, தெரியுது" என்றார். கையைக் கூப்பினார்.

"பாத்தாச்சா? நகரலாமா? பின்னாடி வண்டி நிக்குது" என்றார் டிரைவர். எங்கள் ஊர் சன்னிதியில் சொல்கிற அதே குரல். வேன் நகர்ந்தது.

நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். போட்ட காசுக்கும் பட்ட பாட்டுக்கும் ஒரு நிமிஷமாவது கிடைத்ததே என்று. விடுதிக்குத் திரும்பியதும் மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். இவர் பேசினார். "பாத்துட்டேம்மா. ஆத்தாடி, என்ன உசரம்! தந்தம் ரெண்டும் இப்படி வளைஞ்சு தரையைத் தொடுது. நம்மளையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஒத்தையா, ராஜா கணக்கா."

கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே இருந்தேன். போனை என்னிடம் நீட்டினார். மகள், "அம்மா, கொம்பனாமே!" என்றாள். "ஆமாம்மா" என்றேன்.

ஊருக்கு வந்த பிறகு, கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னார். பால்காரரிடம் சொன்னார். ஆலையில் கூட வேலை பார்த்த நண்பருக்குப் போன் போட்டு, "நீங்க எல்லாரும் அன்னைக்கிப் பாத்தீங்களே, அதவிடப் பெருசு" என்றார். தந்தம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்ந்தது. நான் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஆமாங்க, பெரிய கொம்பன்" என்று பின்பாட்டுப் பாடினேன். தப்பு விடைக்குச் சரி போட்டது என் வாழ்நாளில் அப்போதுதான். எனக்காகத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. நான் அலைந்த அலைச்சல் வீணாகவில்லை என்று எனக்குக் காட்டுகிறார். அது புரிந்ததால் இன்னும் தாங்க முடியவில்லை. ராத்திரிகளில் அந்தப் பச்சைக் கட்டங்களே கண்ணுக்குள் வந்தன. அன்றைக்கு மட்டும் அமுக்கியிருந்தால், விடிகாலை வெளிச்சம், சின்ன ஜீப், மீன்கொத்தி தெரிந்த கண்கள்.

சேலத்துப் பெண் என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினாள். "அப்பாவுக்குக் காட்டுங்க" என்று எழுதியிருந்தாள். இவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, சத்தத்தைக் குறைக்காமல் தட்டிவிட்டேன்.

படத்தில் யானை கொஞ்சம்தான் வந்தது. வேன் ஆடியதில் போன் உள்பக்கம் திரும்பியிருந்தது. நாங்கள் தெரிந்தோம். நான் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கிறேன். இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கூப்பிய கையோடு, முகமெல்லாம் சிரிப்பாக, டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் குரல், "தெரியுதாங்க?" அவர் குரல், "தெரியுது, தெரியுது." அப்புறம் அந்தப் பெண் தன் குழந்தையிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது. "அது அம்மா யானைடா கண்ணு. கொம்பே இல்ல பாரு. காலுக்கு நடுவுல குட்டி பாரு, குட்டி!"

அவசரமாக அணைத்தேன். நாற்காலி கிரீச்சிட்டது. இவர் தூங்கவில்லை.

தெருவில் பழைய பேப்பர்காரன் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் முனை திரும்பும் வரை இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ இத்தனை நாளும் தெரிஞ்சேதான் ஆமாம் போட்டியா?" என்றார்.

"ஆமாங்க."

"குட்டி எம்மாம்பெருசு இருந்துச்சு?"

சொன்னேன். அம்மாவின் முட்டிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது என்றேன். தும்பிக்கையைச் சுருட்டத் தெரியாமல் மிதித்துக்கொண்டது என்றேன். அம்மாவின் முதுகில் செம்மண், காது ஓரம் கிழிந்து இருந்தது, வாலில் மயிர் கொஞ்சம்தான் என்று நான் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். காலில் சங்கிலி இல்லை, நெற்றியில் ஒன்றுமில்லை, வெறும் நெற்றி என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார், ஆனால் கண்கள் என்னைத் தாண்டிச் சுவரில் இருந்தன.

நான் சொல்லி முடித்ததும் கையை நீட்டித் துழாவி என் கையைப் பிடித்தார். "அன்னைக்கி ஒன்ன அமுக்க விட்டுருக்கணும்" என்றார்.

எதைக் கேட்காமல் கண்ணை மூடமாட்டேன் என்றிருந்தேனோ அது அதுதான். வருஷம் முழுக்கக் காத்திருந்தேன். கேட்டதும் அவர் கையை என் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டேன். "அது எப்படியும் கிடைச்சிருக்காதுங்க" என்றேன். "நான் கையை வச்சப்பவே எல்லாம் போயிடுச்சு."

"அப்படியா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.